பிரேக் அக்காவின் ஒன்பது மணி ஹாரன்

இன்றைக்கு உலகத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் பிரேக் அக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். கப்பல் ஓட்டுகிறவர்களும் அப்படித்தான், வெளியே சொல்வதில்லை. விமானிகள் சிலர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். பூமி இத்தனை காலமாகச் சூரியனைச் சுற்றியும் எங்கேயும் போய் இடித்துக்கொள்ளவில்லையே, அதன் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது யோசித்தார்களா?

இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். காற்றை இறக்கிவிட்டுச் சொன்னால், அவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஸ்கூல் என்றால் கட்டிடமோ பெஞ்சோ கிடையாது. ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான் ஸ்கூல். மற்ற கார்களில் இல்லாத ஒன்று அந்தக் காரில் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்து இருக்கையில் உட்காருகிற அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வருகிறவர் சுவரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டால், கடவுளுக்கு முன்னால் அக்காவின் வலது கால் வந்துவிடும். "பயப்படாதே, எங்கிட்ட பிரேக் இருக்கு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாளோ, அதனால் வந்த பெயர்தான் பிரேக் அக்கா. உண்மைப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது.

இருபது வருஷம் அப்படியே உட்கார்ந்ததில் கால் கெட்டுப்போயிருந்தது. கடையில் யாராவது தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அவள் வலது கால் தரையை அழுத்தும். டிவியில் யாராவது மாடியிலிருந்து குதித்தாலும் அழுத்தும். பேசிக்கொண்டிருக்கிறவர் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால்கூட அழுத்தும். அழுத்துவது அவளுக்கே தெரியாது. எதிரில் இருப்பவர் பார்த்துச் சிரித்தால்தான் தெரியும்.

முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். மாமியார் சண்டை, வேலை போனது, பிள்ளை பேசாமல் இருப்பது எல்லாம் அந்தக் காருக்குள் வந்து விழும். அக்கா நடு நடுவே "கண்ணாடியைப் பாரு", "கிளட்ச்சை விடு" என்பாள். சிலருக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. தன் கதையை மட்டும் அவள் அவிழ்க்க மாட்டாள். கல்யாணம் ஒன்று ஆகியிருந்தது, முதல் கியரிலேயே நின்றுவிட்டது. "வண்டி மேலயும் குத்தமில்லை, ரோடு மேலயும் குத்தமில்லை" என்பாள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஓட்டின ஆள்தானே என்று கேட்டால், "நீ ரோட்டைப் பாரு" என்பாள்.

அவள் இருந்தது மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒதுங்கிய ஓர் அறை, ஒரு சமையலறை. அவள் வாசலுக்கு மேலே அகலமான கான்கிரீட் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு நல்லது. ஆனால் எந்த மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் அந்தத் தட்டு தெரியுமே ஒழிய, அவள் கதவு தெரியாது. முன்பெல்லாம் இது அவளுக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் பதில் சொல்லாமல் வரலாம், போகலாம். காலையில் கிளம்பினால் இருட்டுகிறபோதுதான் வீடு. நாள் முழுக்க ஆள் மாற்றி ஆளோடு ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்குக் கதவைச் சாத்திக்கொள்வது ஒரு சுகம்.

பிறகு தொற்று வந்தது.

ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நில் என்று உலகமே சொல்லிவிட்டால், ஒன்றரை அடியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து செய்கிற தொழிலுக்கு என்ன கதி? முதல் வாரமே பலகையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாள். காரைக் கட்டிடத்து முற்றத்தில், மதிலை ஒட்டி நிறுத்தினாள். வாட்ச்மேனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கேட்டைச் சங்கத் தலைவரே பூட்டிக்கொண்டார். சங்கத் தலைவர் என்பவர் முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி. வேலையில் இருந்தபோது யாரும் கேட்காத பேச்சை எல்லாம் இப்போது கட்டிடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்.

நிறுத்திவைத்த காருக்குப் பேட்டரி இறங்கிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்கு அக்கா போய்க் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிடுவாள். முதல் நாள் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் உறைத்தது: உட்கார்ந்திருப்பது பக்கத்து இருக்கையில். சாவியைத் திருக ஆள் வரவேண்டும் என்று காத்திருக்கிறாள். "போச்சு, மூளைக்குத்தான் முதல்ல பேட்டரி இறங்கியிருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதே பக்கக் கதவைத்தான் திறந்தாள். அதற்கப்புறம் அதை மாற்ற முயற்சி செய்யவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கையை நீட்டிச் சாவியைத் திருகுவாள். கிளம்புவதற்கு முன்னால் ஹாரனை இரண்டு தடவை தட்ட வேண்டும் என்பது அவள் பாடம். எங்கேயும் கிளம்பாவிட்டாலும் தட்டுவாள். பீப், பீப். இறங்கியதும், கற்க வந்தவர் மறந்துவிட்டுப் போகிற கதவு என்று ஓட்டுகிற பக்கத்தைச் சுற்றிப் போய்ப் பூட்டுவாள். தான் இறங்கிய கதவைப் பூட்டவே மாட்டாள். பூட்ட வேண்டும் என்று கையும் சொல்லவில்லை, தலையும் சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும். அதற்குள் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த கணக்காளர் ஒருவர் இறந்துபோன செய்தி குழுவில் வந்தது. இறந்தது நேற்றோ இன்றோ இல்லை. வாசலில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன. ஆள் எங்கேயோ போயிருக்கிறார் என்று நினைத்து, பால் போடுகிறவர் போடுவதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்திய பிறகு வாசல் சுத்தமாகிவிட்டது. சுத்தமான வாசலை யார் பார்ப்பார்கள்?

அக்கா அதைப் படித்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தாள். கால் தரையை அழுத்தியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து தன் வாசலைப் பார்த்தாள். மேலே கான்கிரீட் தட்டு. கீழே அவள் செருப்பு.

எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, வெளியே போகவில்லை. பாத்திரம் கழுவும்போது கூடவே நின்றது. குளியலறையில் தரை வழுக்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் வரப்போகிறவர் யாரும் இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்க பயம், பூட்டாமல் படுக்கவும் பயம்.

அண்ணன் ஒருவர் உண்டு, வெகு தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். அவள் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"என்ன பாப்பா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேண்ணா. உங்க நெஞ்சு வலி எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, குழாய் வச்சிருக்காங்க, ஜம்முனு ஓடுது. நீ ஒத்தையில இருக்கியேன்னுதான்..."

"கட்டிடம் பூரா ஆளுங்கண்ணா. பேசிப் பேசியே வாய் வலிக்குது."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே என்ன நடந்தாலும் அண்ணனுக்குத் தெரியாது. போனில் கற்க வந்தவர்களின் எண்கள் இருந்தன. பெயரில் அல்ல, அவரவர் குறையில் சேமித்திருந்தாள்: கிளட்ச் விடாதவர், வளைவு பயம், ஹாரன் பைத்தியம், பார்க்கிங் அழுகை. வளைவு பயத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் குரலில் உடனே குற்ற உணர்ச்சி. "மேடம், மீதி கிளாஸுக்கு நான் கண்டிப்பா வரேன், இப்ப வீட்ல யாரும் விட மாட்டேங்கறாங்க." சும்மாதான் கூப்பிட்டேன் என்று அக்கா சொல்லியும் நம்பவில்லை. சும்மா கூப்பிடுகிற பழக்கம் இருவருக்குமே இல்லை.

அப்போதுதான் அந்த ஹாரன் வேறு ஒன்றாக மாறியது. ஒன்பது மணிக்கு இரண்டு தட்டு. நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அவளாக வைத்துக்கொண்ட அர்த்தம். ஒரு நாள் அது கேட்காவிட்டால் யாராவது 'என்னடா இது' என்று இறங்கி வருவார்கள். அந்த நம்பிக்கையில் மனசு கொஞ்சம் அடங்கியது. நேரம் தவறக் கூடாது என்று எட்டரைக்கே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

கட்டிடத்துக்கு அந்த அர்த்தம் தெரியாது. ஒரு காலை முதல் மாடி பால்கனியில் தலைவர் தோன்றினார்.

"ஏம்மா, எதுக்குத் தினமும் இந்த ஹாரன்?"

"பேட்டரி இறங்கிடும் சார்."

"பேட்டரிக்கு இன்ஜினை ஓட்டினா போதும். ஹாரன் அடிச்சா இருக்கிறதும் இறங்கும்."

அது சரிதான். அக்கா வேறு காரணம் தேடினாள். "ஹாரன் வேலை செய்யுதான்னு பார்க்கணும் இல்ல சார்?"

"நேத்து செஞ்சுது. முந்தாநேத்தும் செஞ்சுது. இன்னிக்கு மட்டும் அதுக்குத் தொண்டை கட்டிக்கப்போகுதா?"

இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் குறுக்கே விழுந்தது. "சார், நீங்க தினம் காலைல கட்டிடமே ஆடுற மாதிரி தும்முறீங்களே, அதுவும் டெஸ்டிங்கா?"

"நீ உள்ள போ! பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டதுக்கு வாயைப் பாரு!"

குரலுக்கு உரியவள் வாலு என்று கட்டிடத்தில் பெயர் எடுத்த பதினாறு வயதுப் பெண். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் 'லிஃப்ட் பழுது' என்று சீட்டு ஒட்டி, வந்தவர்களை எல்லாம் லிஃப்டைத் தேடவைத்தவள். அந்த ஹாரனைச் சபித்தவர்களில் முதல் ஆளும் அவள்தான். மதியம் வரை தூங்குகிறவளுக்கு ஒன்பது மணி என்பது விடிகாலை. நியாயமாகப் பார்த்தால் நல்ல பெண், அறிவான பெண், கொஞ்சம் அழகும்கூட. ஆனால் கட்டிடத்தில் எது காணாமல் போனாலும், எது உடைந்தாலும் எல்லோரும் அவள் வீட்டைத்தான் பார்ப்பார்கள். அநியாயம்.

அக்கா வீம்பாகவே சொன்னாள். "நாளைக்கும் அடிப்பேன் சார்."

வீட்டுக்குள் வந்ததும் வீம்பு இறங்கிவிட்டது. இவர்களுக்கு அது வெறும் சத்தம். சத்தம் நின்றால் யார் தேடி வருவார்கள்? சத்தம் நின்றதென்று சந்தோஷம்தானே படுவார்கள்? அன்று முழுக்க இதையே அரைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்கு அடிக்காமல் இருந்து பார்ப்போம். யாராவது வருகிறார்களா, பார்த்துவிடுவோம்.

பரீட்சை வைப்பவள் அவள், எழுதப்போவது கட்டிடம். ஆனால் தயாரானதென்னவோ அவள்தான். காலையில் குளித்து, நல்ல உடையாக எடுத்து உடுத்தினாள். வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள் என்று முன் அறையைப் பெருக்கினாள். என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தாள்: "ஒண்ணுமில்லை, அசந்து தூங்கிட்டேன், உங்களுக்குத்தான் வீண் சிரமம்." ஒன்பது ஆயிற்று. கை சாவியைத் தேடியது. அடக்கிக்கொண்டாள். படிக்கட்டில் காலடி கேட்டது, எழுந்து நின்றாள், காலடி அவள் வாசலைத் தாண்டிக் கேட்டுக்குப் போனது. யாரோ குப்பை கொட்டப் போகிறார்கள். மதியம் ஆயிற்று. ஒரு தடவை கதவைத் தானே திறந்து, எதையோ எடுக்க வந்தவள்போல் செருப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் போன் கிணுகிணுத்தது. பாய்ந்து எடுத்தாள். குழுவில் தலைவரின் செய்தி: 'தரைத்தளத்து அம்மா ஹாரன் விஷயத்தில் ஒத்துழைத்ததற்கு மனமார்ந்த நன்றி.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் போடுவதை நிறுத்தியாயிற்று. வாசல் சுத்தமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே தொண்டை கரகரத்தது. மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. சோதித்துப் பார்க்க என்று ஆரம்பித்தது நிஜமாகவே வந்து நின்றது. நேற்று யாரும் வரவில்லை என்றால் இன்றைக்கும் வரமாட்டார்கள், அது ருசுவாகிவிட்டது. குழுவில் சொன்னால்? வாசலில் தாள் ஒட்டுவார்கள், ஆள் பார்க்க முடியாத ஏதோ ஒரு கூடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். அண்ணனிடம் சொன்னால் ஜம்மென்று ஓடுகிற குழாய் அங்கேயே நின்றுவிடும். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பயப்படாதே என்று சொன்னவள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்து பார்த்தாள், இருமல்தான் வந்தது. சாதாரணச் சளிதான் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

அப்போதுதான் மணி அடித்தது.

வாசல் மணி. எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் திறந்தாள். யாரும் இல்லை. படிக்கட்டில் தடதடவென்று ஏதோ ஓடிய சத்தம். "யாருடா அது!" என்று கத்த நினைத்தது பாதியில் இருமலாகிவிட்டது. சாயங்காலம் திரும்பவும் அடித்தது. திறந்தால் காற்று. மறுநாள் காலை, மறுபடி. "கையில கிடைச்சா காதைத் திருகி வலது இண்டிகேட்டர் போடவைக்கிறேன்" என்று வெற்று வாசலைப் பார்த்துத் திட்டினாள். கோபத்தில் தண்ணீர் நிறையக் குடித்தாள், இரண்டு ரொட்டித் துண்டும் தின்றாள். இத்தனைக்கும் நடுவே ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கண் விழித்ததும் அவள் காது மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மணியடித்து ஓடியது யார் என்று இந்த எழுத்து சொல்லப்போவதில்லை. சொல்லத் தெரியாது. தலைவர் பிறகு விசாரணை வைத்தார், ஆதாரம் கிடைக்கவில்லை. வழக்கம்போல எல்லோரும் இரண்டாம் மாடியைத்தான் பார்த்தார்கள். ஹாரன் இல்லாத குறையால் தினமும் மதியம் வரை தூங்கி அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு மணியடிக்க எங்கே நேரம்?

பிறகு வந்த காலையில் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு பாதி வழியில் நின்று நின்று போனது, மேட்டில் கியர் விழாத வண்டியைப்போல. போன் சார்ஜ் இறங்கிக் கட்டிலுக்கடியில் எங்கேயோ கிடந்தது. சார்ஜர் முன் அறையில். முன் அறை அடுத்த ஊரில் இருப்பதுபோல் இருந்தது. மணி அடித்தது. 'வரேன்' என்றாள், உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தடவை அடித்தது. விடாமல் நீளமாக அடித்தது. கதவைத் தட்டுகிற சத்தம். பிறகு ஓடுகிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

போய்விட்டது. விளையாட வந்தது, ஆள் வரவில்லை, விளையாட்டு முடிந்தது. இனி வராது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. அந்தக் கணக்காளரும் இப்படித்தான் எதையாவது கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாரோ? அவர் வீட்டுக் கூரை எப்படி இருந்திருக்கும்? கட்டில் விளிம்பில் அவள் வலது கால் எதையோ அழுத்திப் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் முற்றத்தில் ஹாரன் அலறியது.

பீப் பீப் இல்லை. பிடித்த பிடியை விடாமல் பாஆஆம் என்று ஒரே அலறல். நின்றது, மறுபடி அலறியது. அவள் காரின் குரல் அவளுக்குத் தெரியாதா? என் காரில் எவன் உட்கார்ந்திருக்கிறான்? இருக்கிற பேட்டரியைக் காலி பண்ணுகிறானே! செத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கவலை ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது, பேட்டரிக் கவலை முன்னால் வந்தது. கட்டிலிலிருந்து இறங்கினாள், இறங்கினாள் என்ன, விழுந்தாள். சுவரோரமாகத் தவழ்ந்து முன் அறைக்கு வருவதற்குள் கதவு இடிபட்டது.

"ஏம்மா! ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி முழுசா ஒரு வாரம் ஆகலை! இது அராஜகம்! ஹாரனை நிறுத்துங்க!"

தாழ்ப்பாளை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவு திறந்தபோது தலைவர் முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்டிக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, திட்டுவதற்குக் கையை ஓங்கியபடி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"நான் இங்க இருக்கேன் சார்," என்றாள் அக்கா. "ஹாரன் அங்க அடிக்குது."

தலைவர் அவளைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. ஹாரனும் அதே நொடி நின்றது.

"உட்காருங்கம்மா. கதவைச் சாத்தாதீங்க. கதவை மட்டும் சாத்தாதீங்க. இதோ வரேன்" என்று திரும்பியவர், வயதை மறந்து ஓட ஆரம்பித்தார். அவர் முதுகைக் காட்டியதும், நிலையைப் பிடித்து நின்றுகொண்டிருந்த அக்காவின் வலது கால் வாசற்படியை ஒரு தடவை நன்றாக அழுத்தியது. பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

தலைவரிடம் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற, விரலில் கவ்வுகிற சின்னக் கருவி இருந்தது. ஒன்றல்ல, பயத்தில் மூன்று வாங்கி வைத்திருந்தார். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். முகவரியை அதிகாரி மாதிரித் திருத்தமாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருகிறவரை ஆறடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "தூங்காதீங்கம்மா. பேட்டரியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில், இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. வாசலில் ஆள் ஆளுக்கு எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் அண்ணன் கூப்பிட்டார். "நல்லா இருக்கேன்னு சொன்னே ஓங்கி வைப்பேன், உண்மையைச் சொல்லு பாப்பா" என்றார். அவளும் பயமாக இருந்தது என்று முதன்முதலாகச் சொன்னாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஒன்பது மணிக்குக் காருக்குப் போனாள். பழக்கம்போல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சரி, ஒரு நாளாவது என்று ஓட்டுகிற இருக்கைக்கு நகர்ந்தாள். நகர்ந்ததும் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. போன கை நின்றது.

கண்ணாடி திரும்பியிருந்தது. கீழ்நோக்கி, பக்கவாட்டில் மடங்கி. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க உலகத்தில் யாரும் கண்ணாடியை அப்படி வைக்க மாட்டார்கள். அவள் பார்த்தபோது அதில் சீட்டு உறை தெரிந்தது. கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாள். இன்னும் சரிந்தாள். வெளியே தெரியாதபடி ஒருவர் பதுங்கினால் தலை எங்கே இருக்குமோ, ஸ்டியரிங்குக்கும் கீழே, அங்கே தன் தலையைக் கொண்டுபோனாள். கண்ணாடியில், நான்கு மூலையும் பிசகாமல், அவள் வீட்டுக் கதவு தெரிந்தது.

வெகுநேரம் அப்படியே பதுங்கிக் கிடந்தாள். பிறகு எழுந்து ஹாரனை இரண்டு தடவை தட்டினாள்.

முதல் மாடி பால்கனியில் தலைவர் எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டும்மா. நான் இறங்கி வரலாமான்னு செருப்பே மாட்டிட்டேன்."

கண்ணாடியை அக்கா திருப்பி வைக்கவில்லை. இரண்டாம் மாடி வாலு கீழே வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டாள். "ஏண்டி, என் காருல யாராவது ஏறினாங்களா?"

"இல்லையேக்கா. ஹாரன் காத்துல அடிச்சிருக்கும்."

"காத்து கண்ணாடியையும் திருப்புமா?"

"அன்னிக்குப் பெரிய காத்துக்கா."



ஊர் திறந்தபோது தலைவர் குழுவில் புது உத்தரவு போட்டார். கட்டிடத்தில் இத்தனை வருஷம் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியவில்லை, ஆகவே வீட்டுக்கு ஒருவர், அண்டைவீட்டுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதித் தரவேண்டும், எல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடப்படும். இரண்டாம் மாடியில் எழுத ஆள் அகப்பட்டது வாலு ஒருத்திதான். முற்றத்தில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பல சாயங்காலம் அக்காவைப் பேசவைத்தாள். ரோட்டைப் பார்க்கவிட்டால் அக்காவும் பேசுவாள் என்று கண்டுபிடித்து, நாற்காலிகளைக் கேட் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினாள். பூமி சூரியனைச் சுற்றுகிற இடத்தில் அக்கா சிரித்தாள். கும்பிடுகிற கைகள் வந்தபோது வேறு பக்கம் பார்த்தாள். தலைவர் ஓடுகிற இடம் வந்தது.

"நிறுத்து. அதைத் திரும்பப் படி."

வாலு படித்தாள். "அவர் முதுகைக் காட்டியதும், நிலையைப் பிடித்து நின்றுகொண்டிருந்த அக்காவின் வலது கால் வாசற்படியை ஒரு தடவை நன்றாக அழுத்தியது."

"இதை யாரு சொன்னா?"

"நீங்கதான்கா."

"நான் எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லலை. கால் அழுத்துறது எனக்கே தெரியாதே, நான் எங்க சொல்றது?"

"அப்ப தலைவர் சார் சொல்லியிருப்பாரு."

"அவருக்கு முதுகுலயா கண்ணு?"

"மாடியிலேருந்து பார்த்திருப்பேன்கா."

"மாடியிலேருந்து என் வாசல் தெரியாதுடி."

வாலுவின் வலது கால் தரையை அழுத்தியது. அக்கா அதையும் பார்த்துவிட்டாள்.